ஏழாவது ஹஜ்ஜுப் பயணம்

ஏடன் துறைமுகம்
1954 ஆகஸ்ட்

அன்பு மகளுக்கு, அல்லாஹ் உனக்குப் பொறுமையைத் தரட்டும்.

இம்முறையும் நான் கூட்டிவந்த கல்முனை ஹாஜிமார் சுகம். நீ கேட்ட பேரீச்சம்பழம் வாங்கியாயிற்று.

"ஊராக்களையெல்லாம் கூட்டிப்போறீங்க, என்னை எப்ப?" என்று ஆறு வருடமாக உன் உம்மா கேட்டாள். இந்த வருடம்தான் கூட்டிவந்தேன். ஹஜ்ஜை முடித்துவிட்டாள். தன்னை அடக்கும்போது போர்த்தவென்று மக்கத்து ஸம்ஸம் தண்ணீரில் நனைத்த கபன் துணியைக் கப்பல் தட்டில் காயப்போட்டு, "இது இன்னும் இருபது வருசம் பெட்டிக்குள்ள கிடக்கும்" என்று சிரித்தாள்.

அதற்கு மூன்றாம் நாள் காய்ச்சலில் மௌத்தானாள். அந்தத் துணியிலேயே கபனிட்டுக் கடலில் இறக்கினோம்.

முன்பு கப்பலில் மௌத்தானவர்களின் வீடுகளுக்குப் போய், கடலும் கபுறுக்குழிதான் என்று எத்தனை பேருக்கு ஆறுதல் சொல்லியிருப்பேன். உனக்கு அதை எழுதக் கை வரவில்லை.

கடற்கரைக்குப் போனால் உம்மாவுக்கு ஒரு ஸலாம் சொல், மகள்.

உன் வாப்பா