காதுகள் மட்டும் உள்ள கிரகம்

தம்பி,

இன்று காலை ஐயரைக் கூட்டிவரப் புறப்பட்டபோது, அலுமாரிக்கு மேலே இருந்த உன் ஹெல்மெட்டை என்னுடையது என்று நினைத்துப் போட்டுவிட்டேன். தலை உள்ளே போனதுமே தெரிந்தது. நீ பூசுகிற தைலமும் உன் வியர்வையும் கலந்த வாசம். இத்தனை வருடமாகியும் அது போகவில்லை. உள்ளே என் மூச்சுச் சத்தம் எனக்கே கேட்டது. யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. உண்மையைச் சொன்னால் பயந்துபோனேன்.

"என்னப்பா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? ஐயர் பாத்திட்டு இரிப்பாரு" என்று என் மனைவி உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

இன்றைக்கு உன் பேரன் பிறந்து முப்பத்தோராம் நாள், பெயர் வைக்கிற சடங்கு. அவனுக்கு உன் பெயரைத்தான் வைப்பது என்று உன் மகள் முடிவெடுத்துவிட்டாள். அதைப் பிள்ளையின் காதில் சொல்லவேண்டியவன் நான். நீ போனதிலிருந்து அந்தப் பெயரை நான் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று, நரைத்த தலையோடு, உண்மையாகவே பயந்துகொண்டிருந்தேன். எல்லாம் நீ செய்த வேலை.

நாம் இரண்டு பேரும் இந்த வவுணதீவு வீட்டுக்கு மாப்பிள்ளைகளாக வந்து சேர்ந்தவர்கள். அக்காவைக் கட்டி உன்னிச்சைக் கிராமத்திலிருந்து நான் வந்தேன். தங்கையைக் கட்டி வாவிக்கு அந்தப் பக்கத்து மீன்பிடிக் குடும்பத்திலிருந்து நீ வந்தாய். உனக்கு மீன் தெரியும், பழுதான பிரிட்ஜ் தெரியும், வயல் தெரியாது. வந்த வருடமே மாமா உன்னைச் சூடடித்து நெல்லெடுக்கிற களத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல மருமகன் என்று பெயரெடுக்கிற அவசரத்தில், கடைசிச் சாக்கைக் கட்டிவிட்டு, "மாமா, நெல்லு முடிஞ்சிது!" என்று களம் முழுக்கக் கேட்கக் கத்தினாய்.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "வாயப் பொத்துங்க மருமகன்! களத்துக்குள்ள பேரச் சொல்றதா? பூதம் கேட்டா அள்ளிட்டுப் போயிரும்."

களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்லவேண்டும். முடிந்தது என்ற சொல்லே ஆகாது. எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அன்று உனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது மோட்டார் சைக்கிளில் எனக்குப் பின்னால் இருந்துகொண்டு காதுக்குள் கத்தினாய்: "அண்ணன், நாம வேற கிரகத்துல வந்து இறங்கிட்டம்!"

அப்படித்தான் அந்தக் கதை தொடங்கியது. நகரத்தில் நீ பிரிட்ஜ் திருத்துகிற கடை, எனக்கு இரும்புக்கடையில் வேலை. உன் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதானதும், மாலையில் அவளை டியூசனிலிருந்து ஏற்றி நடுவில் வைத்துக்கொண்டு வலையிறவுப் பாலத்தால் வருவோம். காற்று அடிக்கும், வாவி மினுங்கும், நீ கத்திக் கத்திக் கதை சொல்வாய். கப்பல் உடைந்து ஒரு கிரகத்தில் விழுந்த இரண்டு பேர், ஒருவன் மூத்தவன், மற்றவன் இளையவன். அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வாயில்லை, கையில்லை, காது மட்டும்தான். எதையாவது அதன் பெயரால் சொன்னால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். தெரியாமல் தண்ணீர் என்றார்கள், தண்ணீர்த் தாங்கி வறண்டது. விளக்கு என்றார்கள், இருட்டில் கிடந்தார்கள். அதற்குப் பிறகு ஒன்றுக்கும் பெயர் சொல்லாமல், கையைக் காட்டிக் காட்டியே உயிர் பிழைத்தார்கள். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லை.

கடைசியாக நீ சொன்ன கட்டம் எனக்கு மறக்காது. புழுதிப்புயல் அடிக்கிறது. இளையவன் உள்ளே அகப்பட்டுவிட்டான், அவனுக்கு மூச்சுக்காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது. கூப்பிட்டால் சத்தம் வந்த பக்கம் நடந்து வந்துவிடுவான். ஆனால் கூப்பிட்டால் காதுகள் கேட்கும். அந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு, வீட்டு வாசலில் இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே கேட்டாய்: "மூத்தவர் நீங்கதானே. சொல்லுங்க அண்ணன், கூப்பிடுவீங்களா?"

"நாளைக்குச் சொல்றன்" என்றேன். உன் மகள் கோபித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வாரம்தான் உனக்கு இருமல் கூடியது. முதலில் சளி என்றார்கள், பிறகு நெஞ்சுக்குள் வேறு ஏதோ என்றார்கள். பெரியாஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கோடு கிடந்தாய். என்னைக் கண்டதும் அதை விலக்கிவிட்டு, "அண்ணன், கிரகத்துக்குப் போற உடுப்புப் போட்டுட்டாங்க" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு மெல்லக் கேட்டாய்: "கூப்பிட்டாச்சா?"

"யோசிக்கிறன்" என்றேன். எனக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தேன். நீ தலையாட்டிவிட்டு மாஸ்க்கைத் திரும்பப் போட்டுக்கொண்டாய். விடிய நீ இல்லை.

அதற்குப் பிறகு பாலத்தில் தனியாக வரும்போதெல்லாம் பின்னால் பாரம் இருக்கும். மெய்யாகவே இருக்கும், தம்பி, பிரேக் பிடித்தால் முதுகில் வந்து முட்டும். நான் திரும்பிப் பார்த்ததில்லை. பெயர் வாய்வரை வரும், விழுங்கிக்கொள்வேன்.

போன கிழமை உன் மகள் விஷயத்தைச் சொன்னபோது, "அந்தப் பேர் வேணாம் புள்ள" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "ஏன் பெரியப்பா? அந்தக் காதுகளுக்குப் பயமா?"

நான் எழுந்து போகப் பார்த்தேன், அவள் விடவில்லை.

"கூப்பிட்டா எடுத்திட்டுப் போயிரும். சரி. கூப்பிடாமெ விட்டா மட்டும் ஆள் வந்திருமா? மறுகாவும் அந்தப் புழுதிக்குள்ளதானே கிடக்கணும்." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. "எத்தின வருசமா அப்பாவ அதுக்குள்ள விட்டு வெச்சிரிக்கிங்க?"

உன் மகளல்லவா. "சரி, நானே சொல்றன்" என்றேன்.

ஐயர் சொல்லச் சொல்ல, இன்று அவள் மடியில் கிடந்த பிள்ளையின் காதோடு குனிந்தேன். வழமைப்படி மூன்று தரம் சொன்னேன். முதல் தரம் சத்தம் வரவில்லை, ஐயர் "கொஞ்சம் உரத்து" என்றார். சொல்லி முடித்ததும் பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். ஏறி இறங்கியது. ஒரு தும்மல் தும்மிவிட்டுத் தூங்கிவிட்டான்.

பிறகு வீடெல்லாம் உன் பெயர்தான். ஆளாளுக்குத் தூக்கிக் கூப்பிட்டார்கள். உன் மனைவி, உன்னோடு வாழ்ந்த காலம் முழுவதும் "இஞ்சாருங்க" என்பதைத் தவிர ஒரு சொல் சொல்லிக் கூப்பிடாதவள், பேரனைக் கையில் வாங்கி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒருமுறை இல்லை, திரும்பத் திரும்ப, பசித்தவள் சாப்பிடுவது போலக் கூப்பிட்டாள். கேட்டுக்கொண்டிருக்க முடியாமல் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கூப்பிட்டாச்சு, தம்பி. பிள்ளையை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. நீயும் வரவில்லை. உள்ளே யாராவது அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் கண் முதலில் வாசல் படலைக் கதவுப் பக்கம்தான் போகிறது. இனி ஒரு நாளைக்கு எத்தனை தரம் கூப்பிடுவார்களோ, அத்தனை தரமும் போகும்.