நூற்றுக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவு

வெள்ளிக்கிழமை, மதியம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான் நலம், அம்மாவும் நலம், அதோடு இன்று காலையிலிருந்து அம்மா என்னோடு மறுபடி பேசுகிறாள், ஆகவே நான் இரட்டிப்பு நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் ஆகாதா என்பாய். போனில் சொன்னால் உன் அம்மா நடுவில் புகுந்து பாதியைப் பிடுங்கிக்கொள்வாள், இந்தக் கதையை முதலிலிருந்து கடைசி வரை நானே சொல்லியாக வேண்டும். அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் தையல் கடை இருக்கிற மருத்துவமனைச் சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். மூன்று வாரத்துக்கு முன் ஆட்கள் வந்து இரண்டு பக்கத்திலும் இருக்கிற நாற்பத்து மூன்று தூங்குமூஞ்சி மரங்களிலும் சிவப்புப் பெயிண்டால் எண் போட்டுவிட்டுப் போனார்கள். உன்னிடம் மறைப்பானேன், எனக்கு முதலில் பெரிய வருத்தம் இல்லை. தேய்த்து மாட்டிய சட்டையைக் கொடுத்தனுப்பினால் வாசல் தாண்டுவதற்குள் மேலே இருக்கிற கொக்கு அதில் எச்சம் போட்டுவிடும், திட்டு வாங்குவது நான். ஆனால் அம்மா விடவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள் அல்லவா, நோயாளிக்கு ஒரு ஆள்தான் உள்ளே, கூட வந்த மற்றவர்கள் எல்லாம் அந்த நிழலில்தான் நாள் பூராவும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத்தான் தெரியும். மரம் போனா அவங்கெல்லாம் எங்க போய் உக்காருவாங்க, உங்க கட்டிங் மேசைக்கு அடியிலயா என்று கேட்டாள். அன்றிலிருந்து வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கப் போய்விடுவாள். மாடி வீட்டுக் கணக்கு வாத்தியாரும் சேர்ந்துகொண்டார். பருத்த மரங்களைப் பொது விசாரணை நடத்தாமல் வெட்டக் கூடாது, மார்பு உயரத்தில் சுற்றளவு எடுத்து அலுவலகப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர்தான் விசாரித்துக்கொண்டு வந்தார். அளவு என்றதும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பார்க்க மாட்டார்களா, முப்பத்தாறு வருஷமாக அளவெடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். கோட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி ஒவ்வொரு மரத்துக்கும் இரண்டு தரம் எடுத்தேன், டேப் போதாத மரத்துக்கு இன்னொன்றைச் சேர்த்துக் குத்தினேன். நாற்பத்தாறு, ஐம்பத்திரண்டு, அறுபத்தெட்டு என்று நான் சொல்லச் சொல்ல அம்மா என் அளவு நோட்டில் எழுதினாள், வாத்தியார் அதைப் படிவத்தில் முத்து முத்தாக எடுத்தெழுதினார். மறுநாள் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். இந்தச் செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. நீங்கள் கொடுத்த பட்டியலின்படி ஒரு மரமும் சட்டம் கேட்கிற நூறு சுற்றளவை எட்டவில்லை, ஆகவே விசாரணை தேவையில்லை, வெள்ளிக்கிழமை காலை வெட்டு என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஏனோதானோ என்று அளந்திருக்கிறார், தையல்காரரை நம்பினோமே என்று கூட்டத்தில் ஒருத்தர் சொன்னது காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மா, எங்கயோ தப்பு நடந்திருக்கு, உங்க அளவைத் திரும்பப் பாருங்க என்றாள். என் அளவு தப்பாது, சட்டம்தான் தப்பு என்று நான் கத்திவிட்டேன். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டவள்தான். தட்டை வைக்கிற சத்தத்தில்தான் சாப்பிடக் கூப்பிடுகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

புதன்கிழமை பேக்கரிக்காரர் பேன்ட் தைக்க வந்தார். உனக்குத் தெரியுமே, கடைக்குள் வந்தால் வேறு ஆள் நிற்க இடமிருக்காது. இடுப்பில் டேப்பைச் சுற்றினேன், நாற்பத்து நான்கு. எழுதப் போனவன் நின்றுவிட்டேன். அந்த ஆபீஸ் நோட்டீஸ்படி பார்த்தால் இவரே நூறில் பாதிகூட இல்லை. இந்த உடம்பு பாதிகூட இல்லையென்றால் நூறு என்பது எந்த மரம், எந்தக் காட்டில் இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே டேப்பை அவிழ்த்தேன், அது கை தவறிப் புரண்டு விழுந்தது. பின்பக்கம் பாப்பா, டேப்பின் பின்பக்கம். முப்பத்தாறு வருஷத்தில் நான் ஒரு நாளும் அதைத் திருப்பிப் பார்த்ததில்லை. மறுபடி அவர் இடுப்பில் திருப்பிச் சுற்றினேன், நூற்றுப் பன்னிரண்டு! ஓடிப்போய் வாத்தியாரிடமிருந்த படிவ நகலைப் பார்த்தால் தலைப்பில் எறும்பு மாதிரி செ.மீ. என்று போட்டிருக்கிறது. நான் இன்ச்சில் சொன்னேன், அம்மா எழுதினாள், வாத்தியார் அப்படியே காப்பியடித்தார். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு அலகு எழுதலைன்னா மார்க் கிடையாது என்று மிரட்டிய மனுஷர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நேற்றுக் காலை பேக்கரிக்காரரையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்த அதிகாரியம்மா, உன்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுதானே, கெடு முடிஞ்சிருச்சு, இப்ப நான் என்ன பண்றது என்றார். நியாயம்தான். நான் டேப்பை எடுத்து அவர் மேசைக்கு முன்னாலேயே பேக்கரிக்காரர் இடுப்பை இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் அளந்து காட்டினேன். அந்தம்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், அப்ப இவரையே விசாரணை இல்லாம வெட்ட முடியாது போலிருக்கே என்றார். பேக்கரிக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பிறகு அந்தம்மா சொன்னதுதான் எனக்குக் குத்தியது. தப்பு யாருடையதுன்னு ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும், அது நோட்டீஸ் பலகையில ஒட்டப்படும், அப்பதான் நான் வந்து நேர்ல அளக்க முடியும் என்றார். வாத்தியார் பேனாவை எடுத்தார். அவர் பாவம், மானஸ்தர். நான் வாங்கிக்கொண்டேன். அளவெடுத்ததில் தவறு செய்தது தையல்காரனாகிய நான் என்று எழுதினேன் பாப்பா. ஊரே வந்து போகிற பலகையில் அது இப்போது தொங்குகிறது. எழுதும்போது அழுகை வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை! விடிந்தும் விடியாததுமாகச் சாலை பூரா ஜனம். இரவு டூட்டி முடிந்த நர்சுகள், ஆட்டோக்காரர்கள், நோயாளிகளோடு வந்தவர்கள் எல்லாரும் மரத்துக்கு நாலு பேராக நின்றார்கள். ரம்பம் போட ஆட்கள் வண்டியோடு வந்துவிட்டார்கள். அதிகாரியம்மா சொன்ன வாக்குத் தவறாமல் தன் சொந்த இரும்பு டேப்போடு வந்து இறங்கினார். முதல் மரம், என் நோட்டில் நாற்பத்தாறு. நூற்றுப் பதினேழு என்று அவர் உரக்கச் சொன்னார் பார், அப்படி ஒரு சத்தம், கொக்கெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பிவிட்டது. அடுத்தது, அடுத்தது, எல்லாமே நூறுக்கு மேல். ஒவ்வொரு மரத்திலும் என் அளவை அவர் கேட்பார், நான் இன்ச்சில் சொல்வேன், வாத்தியார் மனக்கணக்காக சென்டிமீட்டரில் சொல்வார், அதிகாரியம்மா டேப்பைப் பார்த்துத் தலையாட்டுவார். நாற்பத்திரண்டு மரத்தில் என் அளவு ஒன்றுகூடத் தப்பவில்லை. தையல்காரரை நம்பினோமே என்று சொன்ன அதே ஆள் என் தோளில் தட்டினார்.

கடைசி மரம் நம் கடை வாசலில் இருப்பது. நீ எட்டாவது படிக்கும்போது புயலில் பழையது சாய்ந்து, அந்தக் குழியில் வைத்த கன்று, எல்லாவற்றுக்கும் இளையது. என் நோட்டில் முப்பத்தொன்பது. அது நூறைத் தொடாது என்று எனக்கு முன்பே தெரியும், நோட்டை மூடிக்கொண்டேன். அதிகாரியம்மா இரண்டு தரம் சுற்றினார். தொண்ணூற்றொன்பது. ரம்பக்காரர் இதையாவது வெட்டலாமா மேடம் என்று கிட்டே வந்துவிட்டார். அம்மா போய் மரத்தில் சாய்ந்துகொண்டு நின்றாள், இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எனக்கு எங்கிருந்து வார்த்தை வந்ததோ, மேடம், வளர்ற பிள்ளைக்கு நாங்க ஒரு இன்ச் உள்ள விட்டுத்தான் தைப்போம், இன்னைய அளவுக்கே வெட்டிட்டா நாளைக்கு என்ன பண்றது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார். பட்டியலில் தொண்ணூற்றொன்பது என்றுதான் எழுதினார், நேர்மையான மனுஷி. எழுதிவிட்டு, ஒரு மரத்துக்காக ரம்பத்தை இறக்க வேண்டாம், மூணு மாசத்துல விசாரணை, அன்னைக்கு இதை மறுபடி அளப்பேன் என்று ஆட்களை அனுப்பிவிட்டார். அம்மா மூன்று நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை, வாளி எங்க.

ஆக இன்னும் ஜெயித்துவிடவில்லை, விசாரணையில் என்ன சொல்வார்களோ. ஆனால் மூன்று மாதம் கையில் இருக்கிறது, ஒரே ஒரு சென்டிமீட்டர்தான் வேண்டும். காலையிலிருந்து உன் அம்மா நாலு வாளி ஊற்றிவிட்டாள், மரம் என்ன பலூனா என்று நான் கேலி செய்தேன். செய்துவிட்டு, அவள் வேலைக்குப் போனதும் நானே டேப்பைத் திருப்பிப் பிடித்து அளந்து பார்த்தேன், தொண்ணூற்றொன்பதுதான். உன் பன்னிரண்டாம் வகுப்புச் சீருடையிலும் நான் ஒரு இன்ச் விட்டுத் தைத்திருந்தேன், ஞாபகமிருக்கிறதா, அதைப் பிரித்துவிட வேலையே வராமல் நீ படிக்கப் போய்விட்டாய். அது இன்னும் பீரோவில் இருக்கிறது. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது பாப்பா. விசாரணை நாளுக்கு லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார், மரத்துக்கு நாலு பேர் வேண்டும், வாசல் மரத்துக்கு இப்போதைக்கு நானும் அம்மாவும் மட்டும்தான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் இருவரும் குறையில்லாமல் நிறைந்து வாழ அப்பாவின் ஆசி. உனக்குக் குளிருக்கு ஒரு கோட்டுத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், என் நோட்டில் இருப்பது உன் பழைய அளவு, புது அளவு எடுத்து அனுப்பு. இன்ச்சா சென்டிமீட்டரா என்று பக்கத்திலேயே மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
நோட்டீஸ் பலகையில் தொங்குகிற
உன் அப்பா