உன் சான்றிதழுக்கு ஈடாக நான்

என் கடை இரும்புப் பெட்டியைத் திறந்தாலே பாச்சை உருண்டை வாசம் முகத்தில் அடிக்கும். வேலைக்குச் சேர்கிற பிள்ளைகளின் ஒரிஜினல் சான்றிதழ்களை அதற்குள்தான் பூட்டி வைப்பேன். பூச்சி அரித்துவிட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்று நானே உருண்டை வாங்கிப் போட்டது. போன வாரம் ஒரு பெண்ணின் கவரை எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். அந்த வாசத்தோடு நீயும் வந்து நின்றாய். நம் பழைய முதலாளியிடமிருந்து மீட்ட மார்க் ஷீட் கையில், உன்னுடைய அந்த அசட்டுச் சிரிப்பு முகத்தில்.

அந்தப் பெண் வந்த அன்று நடந்ததை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வீட்டுக்காரி பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போய் மாதக்கணக்காகிறது. போனில் ஆரம்பித்தால், "கடைக் கதைய கடையோட வெச்சிக்குங்க" என்பாள். கடைப் பிள்ளைகளிடம் முதலாளி மனசைத் திறக்க முடியாது. திறந்தால் மறுநாள் சம்பளம் கூட்டிக் கேட்பார்கள். மிச்சம் நீதான். நீயும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பி.காம். முடித்துவிட்டு நாம் வேலை தேடித் திரிந்த காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நமக்கு மாவட்டத் தலைநகர் கடலூர். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பிக்க விடியற்காலை பஸ் ஏறி, வரிசையில் நின்று, இருட்டின பிறகு ஊர் திரும்புவோம். இன்றைக்குக் கள்ளக்குறிச்சியே மாவட்டம். கலெக்டர் ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவில் போகிறார்கள். கச்சிராயபாளையத்தில் உங்கள் வீட்டுக்குக் கரும்புத் தோட்டம் இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கரும்பை வெட்டப் போகிற ஆட்கள் இருந்தார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்ததால் மட்டுமே நாம் சிநேகிதர்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த மோட்டார் பம்புசெட் கடையில் உனக்குக் கணக்கு எழுதுகிற வேலை கிடைத்தது. முதலாளி அந்தக் கால மனுஷன். "ஒரிஜினல குடுத்துட்டுப் போ. திங்கக்கெழம வந்துடு" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குள் சேலத்தில் ஒரு மில் ஆபீசிலிருந்து உனக்கு ஆர்டர் வந்துவிட்டது. சம்பளம் கூட, வேலை நிரந்தரம். ஆனால் ஒரிஜினல் இல்லாமல் அங்கே சேர முடியாது.

அந்தக் காலத்திலேயே இதற்கு எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. நான்தான் உனக்கு ஓதினேன்.

"டேய், எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல ஒரிஜினல் கேக்கறாங்கன்னு சொல்லு. வாங்கிக்கினு அப்படியே சேலம் பஸ் ஏறிடு. அவரு இன்னா, உன்னத் தேடிக்கினா வரப் போறாரு?"

நீ கேட்கவில்லை. "கல்யாணத்துக்கு நேர்ல போயி வெத்தல பாக்கு வெக்கறோம். சாவுன்னாலும் நேர்ல போயி சொல்றோம். வரேன்னு சொன்ன வேலைக்கு வரலேன்னு சொல்ல மட்டும் திருட்டுத்தனமா ஓடணுமாடா?"

"சாவு சொல்ல வந்தவனுக்கு ஒரு வாய் காப்பியாச்சும் குடுப்பாங்க. உனக்கு செருப்புதான் கெடைக்கும்" என்றேன்.

கிட்டத்தட்ட அதுதான் கிடைத்தது. எதிர் டீக்கடையில் உன் பையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். முதலாளி போட்ட சத்தம் ரோட்டைத் தாண்டிக் கேட்டது. உன்னை நம்பி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினாராம். போர் போடுகிற சீசனாம். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், தலையையும் குனியாமல், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். கத்தி முடித்தவர் கடைசியில் ஒன்று சொன்னார்: "எனக்கு ஆளக் கொண்டா. சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போ."

நீ விறுவிறுவென்று ரோட்டைக் கடந்து வந்தாய். என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினாய்.

"இதோ ஆளு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவன் மட்டும் உன்ன மாதிரி ஓட மாட்டானா?"

"இவனுக்கு எங்கயும் கெடைக்கல மொதலாளி. எங்க ஓடுவான்?"

அன்றைக்கு உன் மேல் வந்த கோபம் எனக்கு லேசில் ஆறவில்லை. அரசாங்க வேலை வரும் என்று காத்திருந்தவன் நான். என்னைக் கேட்காமல், என்னை வாய் திறக்க விடாமல், மூட்டையை மாற்றி வைப்பது போல என்னை வைத்துவிட்டு நீ சேலத்துக்குப் போய்விட்டாய்.

ஆனால் அந்தக் கடையில்தான் நான் தொழில் பழகினேன். எந்த விவசாயி மோட்டாரைப் பற்றிக் கேட்கிறான், எவன் விலையை மட்டும் கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லக் கற்றேன். பிறகு சொந்தக் கடை. மோட்டார், பைப்பு, சொட்டுநீர்ச் சாமான். மலைமேலே கரியாலூர் வரைக்கும் என் பைப்பு போயிருக்கிறது. தானாக மேலே வந்த மனுஷன் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை, வியாபாரத்துக்கு அந்தப் பேர் நல்லது. உன்னிடம்தான் அது செல்லாது. போன் எடுத்ததும், "இன்னாடா அடகுப் பொருளு, சௌக்கியமா?" என்பாய். "மீட்டுக்கினு போவ ஆளு வரலடா" என்பேன். அத்தனை வருஷமும் இதே பேச்சு. இரண்டு பேருக்கும் அலுக்கவில்லை.

நீ போனது எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? காலையில் கல்லாவில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். உன் மகன் வைத்திருந்த ஸ்டேட்டஸில் உன் படம் வந்தது. மாலை போட்டிருந்தது. ஏதோ பாராட்டு விழா போல என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே எழுதியிருந்ததைப் பிறகுதான் படித்தேன். நான் சேலம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். பையன் மேல் குறையில்லை. அந்த நேரத்தில் அவன் யார் யாருக்கு ஆள் அனுப்புவான்? ஆனால் திரும்பி வருகிற பஸ்ஸில் உன்னைத்தான் திட்டிக்கொண்டு வந்தேன். சொல்லாமல் ஓடக் கூடாது என்றவன் நீ.

சரி, அந்தப் பெண் விஷயத்துக்கு வருகிறேன்.

கணக்கு எழுதுகிற பெரியவர் கண் ஆபரேஷன் செய்துகொண்டு, இனிமேல் முடியாது என்று நின்றுவிட்டார். காலேஜில் நடந்த வேலைவாய்ப்பு முகாமில் நானும் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்தேன். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பயோடேட்டாவை நீ பார்த்திருக்க வேண்டும். ஒருவன் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தலைமைப் பண்பு' என்று போட்டிருந்தான். இன்னொருவன் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிற டேலி நன்றாகத் தெரியும் என்று எழுதியிருந்தான். கம்ப்யூட்டரை முன்னால் வைத்ததும், "இது வேற மாடல் சார்" என்றான். வருகிறேன் என்று சொல்லி நாள் குறித்துக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கரியாலூர்ப் பக்கத்திலிருந்து படிக்க வந்த ஒரு பெண் மட்டும் வேறு மாதிரி. "டேலி கொஞ்சம் தெரியும் சார். ஜிஎஸ்டி போடத் தெரியாது. சொல்லிக் குடுத்தா கத்துக்குவேன்" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவளிடம் கல்லாச் சாவியையே கொடுக்கலாம். எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல ஒரிஜினலை வாங்கிப் பூட்டினேன். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். சீசன் நேரத்தில் இரண்டு பையன்கள் சொல்லாமல் ஓடின பிறகு நானும் பழைய முதலாளி ஆகிவிட்டேன்.

வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முன்பே அவள் வந்து நின்றாள். கூடவே அவள் அம்மா. மலை பஸ்ஸில் வளைவு வளைவாக இறங்கி வந்த களைப்பு இருவர் முகத்திலும் தெரிந்தது. அம்மா கையில் ஒரு பலாப்பழம். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனை பேரைப் பார்த்தாயிற்று!

"இன்னாம்மா, ஒரிஜினல் வேணுமா? இன்னா காரணம் கொண்டாந்திருக்க? ரேஷன் கார்டா, காலேஜ்ல கேக்கறாங்களா?"

"இல்ல சார். நான் வேலைக்கு வரல. அத சொல்லத்தான் வந்தேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் வழியெல்லாம் சொல்லிக்கினுதான் வந்தேங்க அண்ணா. காலேஜ்ல கேக்கறாங்கன்னு சொல்லி வாங்கிக்கடீன்னு. கேட்டாத்தானே இது!"

சென்னையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் எடுத்திருக்கிறார்கள். வேலை பார்த்துக்கொண்டே ஆடிட்டருக்குப் படிக்கலாம். வியாழக்கிழமைக்குள் ஒரிஜினலோடு போகாவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதை அவளே சொன்னாள். அவளுடைய வருங்காலம் முழுக்க என் பெட்டிக்குள் இருக்கிறது என்று என்னிடமே சொல்லிவிட்டு நிற்கிறாள். பேரம் தெரியாத பெண்.

"போன்ல சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"போன்ல சொன்னா, நீங்க திட்டறப்ப கட் பண்ணிட்டுப் போயிடலாம் சார். அது சரியா இருக்காது."

திட்டினேன். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே திட்டினேன். அவளை நம்பி எத்தனை பேரை வேண்டாம் என்றேன், மாசக் கடைசி வருகிறது, யார் கணக்குப் பார்ப்பது என்றெல்லாம். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வையை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் வாயிலிருந்து அது வந்துவிட்டது:

"அப்ப எனக்கு ஆளக் கொண்டா. சர்டிபிகேட்ட எடுத்துக்கினு போ."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "என்கூட படிச்ச பொண்ணு ஒருத்தி இருக்கா சார். நல்லா பண்ணுவா. வேலையும் தேடறா. ஆனா அவளக் கேக்காம அவளுக்காக நான் எப்படிங்க வாக்கு குடுக்கறது? கேட்டுட்டு சொல்றேன். அவ வரலேன்னா அதையும் வந்து சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அம்மா பயந்துபோய் மகளைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டே இருந்தேன், கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாகவும் இல்லை. நீ என்னைக் கேட்டாயாடா? இத்தனை வருஷத்தில் ஒருநாளாவது இதை உன்னிடம் நேராகக் கேட்டிருக்கிறேனா? கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்றும் தெரியும்: "கேட்டிருந்தா நீ வந்திருக்க மாட்டியேடா." உண்மைதான். வந்திருக்க மாட்டேன். இந்தக் கடை இல்லை, வீடு இல்லை. உன்னிடம் அன்றைக்குக் கோபப்பட்டதும் சரி, இன்றைக்கு நன்றி சொல்ல நினைப்பதும் சரி. இரண்டையும் வைத்துக்கொண்டு யாரிடம் போய்ச் சண்டை போடுவேன்? உன் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. அதற்குப் போட்டால் இப்போது வேறு யாரோ எடுக்கிறார்கள்.

பெட்டியைத் திறந்து கவரை எடுத்துக் கொடுத்தேன். அவள் என் முன்னாலேயே ஒவ்வொரு தாளாகப் புரட்டிச் சரிபார்த்தாள். அதுவும் எனக்குப் பிடித்தது. அம்மா பலாப்பழத்தை மேஜை மேல் வைத்தாள். "வேணாம்மா, தூக்கிக்கினு போங்க" என்றேன். "மறுபடி இத்த யாருங்க பஸ்ல தூக்கறது?" என்று வைத்துவிட்டுப் போனாள்.

அவர்கள் போன பிறகு வெகுநேரம் பெட்டி திறந்தபடியே இருந்தது. உள்ளே மற்ற பிள்ளைகளின் கவர்கள். கவுண்டரில் நிற்கிறவன், மோட்டார் மாட்டுகிற மெக்கானிக், பில் போடுகிற பெண். இவர்களெல்லாம் காலையில் சரியான நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். பெட்டி பூட்டிக் கிடக்கிற வரைக்கும், கடைக்காக வருகிறார்களா தாளுக்காக வருகிறார்களா என்று எனக்கு எப்படித் தெரியும்? நமக்கென்று யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கிற வயசு இது. பொய்க் கணக்கு வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

கடை சாத்துவதற்கு முன் எல்லாரையும் கூப்பிட்டு அவரவர் கவரைக் கையில் கொடுத்தேன். மெக்கானிக் திருதிருவென்று விழித்தான். "கடைய விக்கப் போறீங்களா மொதலாளி?"

"இல்லடா. இதெல்லாம் உங்க வூட்லயே இருக்கட்டும். வேற எடம் கெடைச்சா போங்க, நான் தடுக்க மாட்டேன். போறவங்க வந்து சொல்லிட்டுப் போங்க. திட்டுவேன். திட்ட வாங்கிக்கினு போங்க."

"திட்டு ஜாஸ்தியா இருக்குமா, கம்மியா?" என்றான் கவுண்டர் பையன். எல்லாரும் சிரித்தார்கள். அவன்தான் கடையிலேயே கெட்டிக்காரன்.

மறுநாள் காலையில் நானே ஷட்டரைத் தூக்கினேன். மெக்கானிக் வந்தான். பில் போடுகிற பெண் வந்தாள். கவுண்டர் பையன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒரு வார்த்தை இல்லை. மெக்கானிக் போனை நீட்டி, "போட்டுக் கேக்கட்டுமா மொதலாளி?" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கவுண்டரில் இப்போது நானே நிற்கிறேன், கால் வலிக்கிறது. அந்த இடத்துக்கு இன்னும் வேறு ஆள் பார்க்கவில்லை.

எதிரே டவுன் பஸ் வந்து நிற்கும்போதெல்லாம் தலையைத் தூக்கி, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்க்கிறேன். அந்தப் பையன் வந்து சொல்வான் என்று எனக்கென்னவோ தோன்றிக்கொண்டே இருக்கிறது. வியாபாரி செய்கிற காரியம் இல்லை இது. உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.