மக்சூத் கடித்த ரொட்டி

மக்சூதின் அப்பாவுக்கு ஸலாம். முழங்கால் வலி தேவலையா? பேரன் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா? இஸ்தான்புல்லில் நான் நலம்.

நான் சமைத்துப்போடும் நெர்மின் அம்மா, பழைய புகாராவில் நடக்கும் கொலைக்கதை ஒன்று எழுதுகிறார். நேற்று வாசித்துக் காட்டினார். பயணம் போனவன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி, நம் ஊர் வழக்கப்படி, அவன் திரும்பி வந்து மிச்சத்தைத் தின்பதற்காகச் சுவரில் தொங்குகிறது. துப்பறிபவர் அதை இறக்கி, பல் தடத்தை அடையாளம் தெரியாத ஒரு பிணத்தின் பல்லோடு ஒப்பிடுகிறார்.

"அத எறக்காதீங்கம்மா," என்றேன்.

"அப்புறம் செத்தது யாருன்னு எப்படிக்கா தெரியும்?" என்று சிரித்தார்.

"தெரியவே வேணாம். பெத்தவ காத்துக்கிட்டே இருக்கட்டும்."

சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டார். சமையல்காரியின் பேச்சுக்கு எவ்வளவு மரியாதை, பார்த்தீர்களா!

வெள்ளையடிக்க மக்சூதின் ரொட்டியை இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ரஷ்யாவுக்குப் போனவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லைதான். அந்தச் சுவர் அழுக்காகவே இருக்கட்டும்.

சூப் பொங்குகிறது.

உங்கள் மஸ்தூரா