மரம் நிற்காத இடம்

மார்ச் 4

என் அன்பான அக்காவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? போனை எடுப்பதில்லை என்று சபதம் செய்திருக்கும் உன்னிடம் உதவி கேட்க வேறு வழி தெரியாமல் பேனாவைத் தேடிப் பிடித்தேன்.

ஒரு படத்துக்காகக் கம்ப்யூட்டரில் காட்டுச் சரிவு ஒன்றை உருவாக்கும் வேலை வந்திருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக மரம் செய்துதான் சாப்பிடுகிறேன். ஆனாலும் இந்தத் தடவை நான் செய்வதெல்லாம் தொட்டியில் வைத்து விற்கிற செடி மாதிரியே நிற்கிறது. திடீரென்று நம் வீட்டுப் பின்சரிவு ஞாபகம் வந்தது. அதையே செய்துவிடலாம் என்று இருக்கிறேன்.

படம் எடுத்து அனுப்புவாயா? மேகமூட்டமான நாளாகப் பார்த்து எடு. வெயிலில் எடுத்தால் பட்டையோடு நிழலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அளவு தெரிய உன் அடிக்கோலைப் பக்கத்தில் வை. மரத்தின் காலடியை விட்டுவிடாதே. பொய் மரம் மாட்டிக்கொள்வது இலையில் இல்லை, மண்ணைத் தொடும் இடத்தில்தான். மாடி ஜன்னலிலிருந்து முழுச் சரிவும் தெரிகிற மாதிரி ஒன்று.

“இங்க வந்து இரு” என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு என் வாய் வலித்துவிட்டது. இதையாவது செய்.

உன் வாலு

மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

மூட்டு அப்படியேதான். உனக்காக மூன்று நாள் கண்ணாடிக்கடைக்கு லீவு போட்டேன். “லென்ஸ் தேய்க்க ஆளில்லாம என்னை இப்படித் தவிக்க விட்டுட்டியேம்மா” என்று முதலாளி ஒரே புலம்பல். நூற்றுநாற்பது படம் எடுத்திருக்கிறேன். இலைகளைப் பழைய டைரிக்குள் வைத்து அழுத்தி, அதையும் பார்சலில் போட்டிருக்கிறேன்.

அம்மா போன பிறகு சரிவில் இவ்வளவு நேரம் சும்மா நின்றது இதுதான் முதல் தடவை. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்பக்கம் மட்டும் எடுக்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. திரையையே பார்த்துப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. அப்புறம் நான்தான் உனக்கும் லென்ஸ் தேய்க்க வேண்டும்.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் படங்களால் என் காட்டுக்கு உயிர் வந்துவிட்டது. பூச்சி அரித்த இலையையும் விடாமல் எடுத்திருக்கிறாயே, கெட்டிக்காரி!

ஒரு சின்ன விஷயம். மரங்களை நான் ஒவ்வொன்றாக நடுவதில்லை. சரிவு, ஈரம், வெளிச்சம், பக்கத்து மரத்தின் தூரம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் எங்கே எது முளைக்கும் என்று கம்ப்யூட்டரே முடிவு செய்துகொள்ளும். அது ஒவ்வொரு தடவையும் தொட்டிக்குப் பின்னால் ஒரு மரத்தை வளர்க்கிறது. சரிவிலேயே பெரிய மரம். உன் ஜன்னல் படத்தில் அந்த இடம் மொட்டையாக இருப்பதால் அழித்துவிட்டேன். கணக்கை மாற்றிப் போட்டேன். மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. ஒன்பது தடவை ஆகிவிட்டது.

படத்தை வைத்து அளந்தேன். மொட்டை இடம் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம். ஓரம்கூட நேராக இருக்கிறது. எங்கள் மேற்பார்வையாளர் திரையைப் பார்த்துவிட்டு, “அந்த இடம் என்னய்யா, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு” என்றார்.

அங்கே ஏன் எதுவுமே முளைப்பதில்லை?

வாலு

ஏப்ரல் 9

தம்பி,

அடியில் பாறை இருக்கிறது. அதனால்தான்.

படம் பார்க்க வருகிறவன் என்ன டேப்பை வைத்தா அளக்கப்போகிறான்? வேறு வேலையைப் பார்.

அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

பாறையை வைத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. பாறை இருந்தால் வேர்கள் சுற்றிக்கொண்டு போகும். உன் படங்களில் இரண்டு பக்கத்து மரங்களின் வேர்களும் நேராக அந்த இடத்துக்குள்தான் போகின்றன.

பிறகு வேறொன்றையும் பார்த்தேன். நீ எடுத்த ஒரு காலடிப் படத்தின் மூலையில் அந்த இடத்தின் ஓரம் விழுந்திருக்கிறது. பெரிதாக்கினேன். மண் பொலபொலவென்று இருக்கிறது. சின்னச் சின்னக் குழிகள், விரல் தடங்கள். பக்கத்தில் வாடிய நாற்றுகள் ஒரு கைப்பிடி.

அங்கே முளைக்காமல் இல்லை. முளைப்பதை யாரோ பிடுங்குகிறார்கள். அந்த வீட்டில் நீ ஒருத்திதானே இருக்கிறாய்?

பட்டப்பகலில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் அறையில், திரையின் அந்த மூலையைக் கையால் மறைத்துக்கொண்டு வேலை செய்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. உண்மையைச் சொல்.

தம்பி

மே 6

என் கண்ணான தம்பிக்கு,

மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

அப்பா வேலை தேடி வெளியூர் போனார் என்று உனக்குச் சொல்லியிருந்தோம். அவர் எங்கும் போகவில்லை.

உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதினாறு. அன்று சாயங்காலம் அவர் உன் தலையைத் தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்திருந்தார். உன் கால் உதறுவது அடங்கிக்கொண்டே வந்தது. அம்மா மண்வெட்டியால் ஒரே ஒருதரம்தான் அடித்தாள்.

அம்மாவும் நானும்தான் தோண்டினோம். வேர் தடுத்தது, ஆழமாகப் போக முடியவில்லை. அங்கே மரம் வந்தால் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடும் என்று அம்மாவுக்குப் பயம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பிடுங்கினோம். சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஞாயித்துக்கிழமைய மட்டும் விட்றாதடி” என்றாள். அப்பாவைப் புதைத்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. நீ கூப்பிடும்போதெல்லாம் நான் ஏன் வரவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும்.

சரிவு முழுக்கக் காய்ந்து கிடக்கும்போதும் அங்கே மட்டும் முளைக்கிறது, தம்பி. காலையில் பிடுங்கினால் மறுநாள் நுனி தெரிகிறது. இதை யாரிடம் சொல்வேன்?

இன்னொன்று. அப்பா எழுதியதாக உனக்கு வந்த எட்டுக் கடிதமும் என் கையெழுத்துதான். வெளியூர் முத்திரை விழ வேண்டும் என்று பஸ் ஏறிப் போய்த் தபாலில் போட்டேன். தினமும் வாசலில் நின்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். தாங்க முடியவில்லை.

நீ பதில் போடாவிட்டாலும் தப்பாக நினைக்க மாட்டேன்.

உன் அக்கா

மே 20

அக்கா,

நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. முகத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிக்க என்னால் இன்றைக்கும் முடியாது. பிறவிக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் போய், அழித்த மரத்தை அதே இடத்தில் திரும்ப வளரவிட்டேன். இருபத்தாறு வருஷ வளர்ச்சி. “இதுதான்யா மரம்!” என்று மேற்பார்வையாளர் கைதட்டினார். சுற்றி நின்று எல்லோரும் பாராட்டினார்கள். அது நம் வீட்டைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது. நான் சாய்க்கவில்லை. அந்தப் பக்கம்தான் வெளிச்சம் அதிகம், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இனிமேல் பிடுங்காதே. என்ன கிளம்பி வந்தாலும் வரட்டும், இரண்டு பேருமாகப் பார்த்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குகிறேன்.

எட்டுக் கடிதமும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன. நேற்று எடுத்துப் படித்தேன். கடைசிக் கடிதத்தில், “அப்பாவை மன்னிச்சிடுடா கண்ணு” என்று இருக்கிறது. எதற்கு என்றே தெரியாமல் அன்றைக்கு நான் மன்னித்துவிட்டேன்.

வந்ததும் ஒன்றை மட்டும் சொல், அக்கா. அந்த மன்னிப்பைக் கேட்டது நீயா, அம்மாவா, இல்லை அவரா?

உன் தம்பி