ஜீப் ஓட்டிப் போன சந்திரா அக்காவுக்கு

என் அன்பு சந்திரா அக்கா,

உங்களை நான் அக்கா என்று கூப்பிடுவது இந்த ஊருக்கு இன்னும் பிடிக்கவில்லை. நீங்கள் உதறிவிட்டுப் போன கணவருக்கு இரண்டாம் மனைவியாக வந்தவள் நான். நமக்குள் பகை இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏமாந்து போகட்டும்.

தொண்ணூற்றொன்றில் அந்தப் பழைய ஜமீன் வீட்டுக்கு நான் வந்தபோது எல்லோரும் எனக்கு முதலில் சொன்னதே உங்கள் கதைதான். சீட்டாடுவாளாம், ஆம்பளைகளோடு சரிக்குச் சரி பேசுவாளாம், நிலம் அளக்க வந்த சர்வேயரோடு பட்டப்பகலில் போய்விட்டாளாம். அவர் உங்களைக் கடத்தியதாக வீட்டார் வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் நீங்கள் சொன்னது தேரடித் தெரு முழுக்கப் பரவியது.

"என்னை யாரும் கடத்தலைங்க. ஜீப்பை ஓட்டுனதே நான்தான். அவரு பக்கத்துல உக்காந்துகினு வந்தாரு."

மாமியார் இதை வெட்கக்கேடாகச் சொன்னார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன், சிரிப்பை அடக்க. அன்றைக்கு உங்களுக்குக் கொஞ்சம்கூடப் பயமில்லையா அக்கா?

விவாகரத்து கொடுத்தார்கள், உங்கள் மூன்று வயது மகள் மலரைக் கொடுக்கவில்லை. அவளை என் மடியில் போட்டு, "அம்மா செத்துட்டான்னு சொல்லியே வளத்துடு" என்றார் மாமியார். பக்கத்திலேயே வேங்கிக்காலில் சர்வேயரோடு உயிரோடு குடியிருப்பவரை நான் எப்படிச் சாகடிப்பது?

ஒரு பிரதோஷத்தன்று கோயிலில் பெரிய நந்தி அருகே நீங்கள் நின்றிருந்தீர்கள். "பாக்காத, திரும்பு!" என்று மாமியார் மலரை இழுத்தார். நான் அவள் கையைப் பிடித்து உங்கள் கையில் வைத்தேன்.

"மலரு, இவங்கதான் உன்னைப் பெத்த அம்மா."

கூட்டமே திரும்பிப் பார்த்தது. நீங்கள் அழவில்லை. "சாப்டியாடி கண்ணு?" என்று மட்டும் கேட்டீர்கள். அதற்குப் பிறகு வருடக்கணக்காகப் பிரதோஷம்தோறும் அவளை அழைத்து வந்தேன். வீட்டில் திட்டினார்கள். திட்டிவிட்டுப் போகட்டும்.

போன மாதம் நீங்கள் கண்மூடிவிட்டீர்கள். நானும் மலரும் உங்கள் தலைமாட்டிலேயே இருந்தோம். திரும்பி வந்தபோது மாமியார் வாசலை மறித்தார்.

"தலைக்கு ஊத்திக்கினு உள்ள வா. அவளுக்கும் நமக்கும் என்ன? இங்க தீட்டெல்லாம் கெடையாது."

"இருக்குதுங்க அத்தை. இந்தப் பொண்ணு பெத்தவளைப் பறிகுடுத்துட்டு நிக்குது. காரியம் முடியற வரைக்கும் இருக்கும்."

சர்வேயர் அண்ணன் கொடுத்த உங்கள் படத்தை ஜமீன் முன்னோர்களின் படங்களுக்கு நடுவே மாட்டி விளக்கேற்றினேன். கழற்ற யாருக்கும் துணிவு வரவில்லை. என் கணவர் அதன் முன் வெகுநேரம் நின்றார். உங்கள் நோய்ப்படுக்கைக்கு நான் வந்து போனது அவருக்குத் தெரியும்.

"கடைசில என்னைப் பத்தி எதுனா சொன்னாளா?"

"இல்லீங்க."

ஆறுதலுக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ? உங்களைப் பற்றி இந்த வீடு சொன்ன பொய்களே போதும் என்று தோன்றியது.

மலருக்கு இப்போதே வரன் பேசத் தொடங்கிவிட்டார்கள். கல்யாணப் பத்திரிகையில் தாயார் இடத்தில் என் பெயர் மட்டும் போதுமாம், உங்கள் கதை பையன் வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். மலர் எழுந்து நின்று, "ரெண்டு அம்மா பேரும் போட எடமில்லன்னா அந்தக் கல்யாணமே வேணாம்" என்றாள். உங்கள் மகள் வேறு எப்படிப் பேசுவாள்?

வாக்குத் தருகிறேன் அக்கா. அவள் விரும்பும் நாளில், விரும்பியவனோடு அந்தக் கல்யாணம் நடக்கும். பத்திரிகையில் முதலில் உங்கள் பெயர், அடுத்துதான் என் பெயர். வர விருப்பமில்லாதவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

உங்கள் மகளுக்கு இன்னொரு தாய்,
உங்களுக்குத் தங்கை,
வசந்தா