உள்ளங்கையில் மட்டும் கூவிய காது மெஷின்

பிப்ரவரி 4
வெந்நீர் தயார், குளிக்கிறீங்களா என்று அப்பாவிடம் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை" என்றார். சிரித்துவிட்டேன். அப்புறம் தம்பிக்கு ஃபோன் செய்தேன்.

பிப்ரவரி 6
தம்பி வந்தான். அப்பாவுக்குப் புத்தி தடுமாறுகிறதாம், வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாதாம். முதியோர் இல்லத்தில் பதினெட்டாம் தேதி ஓர் அறை காலியாகிறது. காது மெஷினில் கோளாறு இருக்குமோ என்று அவனே ஒருமுறை கேட்டான். நான்தான் அடித்துச் சொன்னேன்: வாராவாரம் பேட்டரி மாற்றுகிறேன், தினமும் உள்ளங்கையில் பொத்திப் பார்க்கிறேன், 'கீ' என்று கூவுகிறது, வேலை செய்தால்தானே கூவும்? மெஷின்மேல் பழி போடாதே.
அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டே பேசினோம். அவருக்கு எங்கே கேட்கப்போகிறது!

பிப்ரவரி 9
இல்லத்துக்குச் சரி என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். என்னால் முடியல. அவ்வளவுதான்.

பிப்ரவரி 12
சாப்பிடும்போது ஏதோ கேட்டேன், பதிலில்லை. மென்று முடித்ததும், "என்னம்மா சொன்னே?" என்றார். மெல்லும்போது மட்டுமா புத்தி தடுமாறும்? சோதித்துப் பார்த்தேன். தலையைத் திருப்பினால் கேட்கவில்லை. மெஷினை விரலால் அழுத்திக்கொண்டால் கிசுகிசுத்தாலும் கேட்கிறது. மெஷின் வாங்கிய கடைக்கு நாளைக்கே கொண்டுபோகிறேன்.

பிப்ரவரி 13
கடைக்காரர் மெஷினைப் பென்சிலால் தட்டினார். தட்டத் தட்டச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. லூஸ் காண்டாக்ட். பேட்டரியைத் தொடும் குட்டித் தகடு பச்சை பூத்து, வளைந்து, விறைப்பே இல்லாமல் கிடந்தது.
"பொத்திப் பாக்கறப்ப உங்க விரல் பேட்டரி மூடியை அழுத்துதுங்க, அதான் கூவுது. காதுல யாரு அழுத்துவா?"
தகடு மாற்றப் பத்தே நிமிடம். ஆறு மாதமாக அந்த மனிதரைப் பைத்தியமாக்கி வைத்திருந்தேனே, பாவி!

பிப்ரவரி 14
இல்லத்தில் இடம் வேண்டாமென்று தம்பியிடம் ஃபோனில் சொன்னேன். நான்தான் அவரைப் பைத்தியமாக்கிட்டேன் என்றேன். "நானும்தானேக்கா" என்றான்.
அப்பாவிடம் மெஷின் பழுதாகியிருந்ததை மட்டும் சொன்னேன். இல்லத்துப் பேச்சையே எடுக்கவில்லை.
"நடுநடுவுல கேட்டுச்சும்மா," என்றார். "பதினெட்டாம் தேதின்னது கேட்டுச்சு."

பிப்ரவரி 15
அப்பாவின் அலமாரி காலி. துணிமணி, கண்ணாடி, மாத்திரை எல்லாவற்றையும் அவரே பெட்டியில் அடுக்கி, கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். திரும்ப அலமாரியில் எடுத்து வைக்கவா என்று கேட்டேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

பிப்ரவரி 22
பெட்டியைப் பிரிக்கவா என்று இன்றும் கேட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன், முதல் தடவையிலேயே காதில் விழுந்தது.
"அதுபாட்டுக்கு இருக்கட்டும்மா" என்றார்.